லேபிள் வெட்டிய பாட்டு

திருப்பூருக்கு வந்த முதல் வாரம் எனக்கு இந்த ஊர்க்காரர்களின் முகத்தைவிடப் பிடரிதான் நன்றாகப் பழக்கமானது. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்குப் போகிறவளுக்கு முன்னால் நிற்கிறவரின் கழுத்தைத் தவிர வேறு என்ன தெரியும்? யாரைப் பார்த்தாலும் நல்ல டி-சர்ட் போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வருகிற மாப்பிள்ளைகள் மட்டும் போடுகிற ரகம். இங்கே காய்கறி விற்கிறவர் போட்டிருந்தார், கண்டக்டர் காக்கிச் சட்டைக்கு உள்ளே போட்டிருந்தார், மாடு ஓட்டிப் போகிறவரும் போட்டிருந்தார். ஆனால் காலருக்கு உள்பக்கம், கம்பெனிப் பேர் இருக்க வேண்டிய இடத்தில், கத்தரித்த துணி விளிம்பு மட்டும் கால் அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. ஒருவருக்கு இப்படி இருந்தால் கிழிந்துவிட்டது என்று நினைக்கலாம். பஸ் முழுக்க இப்படி இருந்தால் என்ன நினைப்பது? ஏதோ நேர்த்திக்கடன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் தெரிந்தது. ஏற்றுமதிக்குத் தைத்ததில் மிஞ்சியதும் கழித்ததும் காதர்பேட்டைக் கடைகளுக்கு வரும். வெளிநாட்டுக் கம்பெனியின் பேரோடு அதை இங்கே விற்கக் கூடாது என்பதால் லேபிளை வெட்டிவிட்டுத்தான் அனுப்புவார்கள். தைத்தவரின் பேர் எப்போதுமே அதில் கிடையாது. இருந்த ஒரு பேரையும் வெட்டியாயிற்று. வெட்டின மிச்சம் பிடரியில் குத்தும், அதனால் இந்த ஊரில் பாதிப் பேர் பேசும்போது பிடரியைச் சொறிந்துகொண்டே பேசுவார்கள். எங்கள் பக்கத்தில் எவர்சில்வர் செம்பில் பேர் பொறிக்காமல் யாரும் சீர் கொடுத்தது கிடையாது. தேவாலயச் சபைக்குக் கொடுத்த மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் கொடுத்தவரின் பேர் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவளுக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்தது.

இதை ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கும், மங்கலம் ரோட்டு லைன் வீடுகளில் என்னைப் போலவே குடியிருக்கிற நம்மவர்களுக்கும் எழுதுகிறேன். நானும் என் கணவர் எபனேசரும் உடன்குடிக்கு மேற்கே, செம்மணல் மேடுகளான தேரிக்காட்டுப் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். மழை இல்லை, வேலை இல்லை என்று எல்லாரும் திருப்பூருக்கு வந்தார்கள். நாங்கள் ஒரு நோட்டீசால் வந்தோம்.

எபனேசர் பாட்டுக் கட்டுகிறவர். எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு முறை அசனம் நடக்கும். சபையார் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற விருந்து. ஒரு வருஷம் அதற்கு அவர் ஒரு பாட்டுக் கட்டினார். சபை முழுக்கப் பாடியது, பக்கத்துச் சபைக்காரர்கள் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். நோட்டீசில் அச்சடித்து வந்தபோது பாட்டின் கீழே 'இயற்றியது: சபையார்' என்று இருந்தது. இவர் போய், என் பேரைப் போட்டிருக்கலாமே என்று கேட்டார். கமிட்டிப் பெரியவர், "ஆண்டவருக்குப் பாடுனதுக்கு ஒனக்கு எதுக்குல பேரு?" என்றார். இருந்தவர்கள் சிரித்தார்கள். இவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலேயே, "மெர்சி, நாம திருப்பூருக்குப் போவோம்" என்றார். காரணம் கேட்கிற மாதிரி அவர் முகம் இல்லை.

அன்றிலிருந்து அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். அந்தக் காலத்துக் கீர்த்தனைக்காரர்கள் செய்தது போல, எந்தப் பாட்டுக் கட்டினாலும் கடைசிச் சரணத்தில் தன் பேரை வைத்துவிடுவார். "தாள்ல போடாட்டா போகட்டும். பாட்டுக்குள்ள இருந்தா எவனும் எடுக்க முடியாதுல்லா" என்பார். அவருக்குப் பணமோ மேடையோ பெரிதாக இல்லை. தான் கட்டின பாட்டு தன் பேரோடு நாலு பேர் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான். அது நடக்கிற வரைக்கும் ஊர்ப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை என்று இருந்தார்.

இங்கே அவர் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் ஓவர்லாக் டைலர், துணி விளிம்பு பிரியாமல் சேர்த்துத் தைக்கிறவர். நான் அதே கம்பெனியின் ஆபீசில் மெர்ச்சண்டைசருக்கு உதவியாள். மெர்ச்சண்டைசர் என்றால் உடுப்பு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் நம் தையல் மேசைக்கும் நடுவில் நின்று கடிதம் எழுதுகிறவர். முதலில் ஒரு சாம்பிள் தைத்து அனுப்ப வேண்டும். பையர் அதைப் பார்த்து, நீளம் ரெண்டு சென்டிமீட்டர் குறை, கழுத்து அகலம், கலர் மங்கல் என்று கமெண்ட் எழுதுவார். அதன்படி திருத்தி அடுத்த சாம்பிள் அனுப்ப வேண்டும். அவர் அப்ரூவல் கொடுத்தால்தான் ஊசி ஓடும். பையர் சும்மா தும்மினாலும் அதையும் ஒரு கமெண்டாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று என் மேலதிகாரி சொல்லிக் கொடுத்தார். பி.காம் படிப்பில் வராத ஆங்கிலம் எனக்கு இரண்டே மாதத்தில் வந்துவிட்டது. கைண்ட்லி அட்வைஸ், நோட்டட் வித் தேங்க்ஸ், ஆஸ் பெர் யுவர் ரிக்வையர்மெண்ட். இந்த மூன்றை வைத்து உலகத்தையே ஓட்டலாம்.

வெளிநாட்டுக்காரர்களின் பேச்சு புரிந்த அளவுக்கு இந்த ஊர்க்காரர்களின் பேச்சு புரிய எனக்கு நாளாயிற்று. எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் ஊருக்கே கேட்கும். இங்கே கோபத்துக்கும் 'ங்க' போடுவார்கள். எபனேசர் வேலை முடிந்து வந்து சாயங்காலம் லைன் வீட்டு வாசலில் பழைய கிதாரை வைத்துக்கொண்டு பாடுவார். ஒருநாள் வீட்டுக்கார அம்மா என்னைப் பார்த்து, "ஏனுங்க அம்மிணி, உங்க ஊட்டுக்காரரு நல்லாப் பாடறாருங்க. எங்க ஊட்டுல கதவச் சாத்துனாக் கூட நல்லாக் கேக்குதுங்க" என்றார். நான் பூரித்துப்போய் எபனேசரிடம் சொன்னேன். அவர் மறுநாள் இன்னும் கொஞ்சம் எடுப்பாகப் பாடினார். அந்த அம்மா அடுத்த வாரமும் அதையே சொன்னார், இன்னும் பணிவாக. ஒரு மாதம் கழித்து, பக்கத்து வாசலில் இருந்த தாராபுரத்துக்காரப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, அவுங்க பாட வேண்டாம்னு சொல்றாங்கக்கா" என்றாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நேராகச் சொன்னால் என்னவாம் என்று ஆத்திரமும் வந்தது.

அப்படித்தான் பாட்டு துணிக் கிடங்குக்குப் போனது. எங்கள் கம்பெனிக் கிடங்கில் பின்னல் துணி ரோல்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் ரோட்டுச் சத்தம், ஜெனரேட்டர் சத்தம் எதுவும் வராது. நாம் பேசுவதே நம் வாய்க்குள் நின்றுவிடும். முதலாளி கெடுபிடி இல்லாத மனுஷர், கொஞ்சம் சிரித்தே பேசுவார். பயந்துகொண்டே அனுமதி கேட்டேன். "ஞாயித்துக்கெழம தானுங்களே அம்மிணி, பாடிட்டுப் போகட்டும். ரோலு மேல கால மட்டும் வெச்சுப் போட வேண்டாமுங்க" என்றார். இது உண்மையான சம்மதம்தானா, இல்லை வீட்டுக்கார அம்மா மாதிரியா என்று இரண்டு நாள் யோசித்தேன். சாவியைக் கையில் கொடுத்த பிறகுதான் நம்பினேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து நேரே அங்கே போவோம். துணி ரோல் தள்ளுகிற டிராலியில் என் ஆபீஸ் கம்ப்யூட்டரை ஏற்றிக் கிடங்குக்குள் தள்ளிக்கொண்டு போவேன். காசு கம்மியான ஒரு மைக்கை இரண்டு ரோல்களுக்கு நடுவே செருகி வைப்போம். அவர் கிதாரோடு நிற்க, நான் துணி சுற்றி வருகிற காலி அட்டைக் குழாயை மடியில் வைத்துத் தாளம் தட்டுவேன். அப்படிப் பதிவானதுதான் ஊசிப் பாட்டு. ஓவர்லாக் மிஷினின் ஓட்டத்தில் அவர் கட்டியது. மூன்று சரணம் ஊசியையும் நூலையும் சொல்லும். நான்காவது சரணம் அவரைச் சொல்லும்:

தேரிமண்ணு எபனேசரு தச்ச பாட்டு இதுவாகும்
தையல் விட்டுப் போனாலும் தாளம் விட்டுப் போகாது

அந்த இடம் வரும்போது மட்டும் அவர் கண்ணை மூடிக்கொள்வார். எனக்கு அது பிடிக்கும்.

பாட்டை என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. கேசட் போட வசதியில்லை, சினிமாவில் யாரையும் தெரியாது. அந்தச் சமயத்தில் ஒரு பையர் டி-சர்ட்டின் நெஞ்சில் அச்சடிக்க ஏதோ ஒரு பாட்டுக் குழுவின் படத்தை மாதிரிக்கு அனுப்பினார். அதன் கீழே இருந்த இணைய முகவரியைத் தட்டினேன். பாட்டுக்காரர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே ஏற்றி வைத்து, உலகத்தில் எவரும் கேட்கலாம் என்று திறந்து போட்டிருக்கிற தளம் அது. கம்பெனி வேண்டாம், கமிட்டி வேண்டாம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து பக்கம் திறந்தேன். பாட்டு முக்கால்வாசி ஏறும்போது கரண்ட் போகும். மறுபடி முதலிலிருந்து. ஐந்து தடவைக்குப் பிறகு ஏறியது. தளம் ஒரு பேர் கேட்டது. நான் கொஞ்சமும் யோசிக்காமல் 'டி.டி. சாங்ஸ்' என்று போட்டேன், திருப்பூர் டைலர் என்பதன் சுருக்கம். பாட்டுக்கு 'டி.டி. 01' என்று நம்பர் கொடுத்தேன். எங்கள் ஆபீசில் ஒவ்வொரு உடுப்புக்கும் அப்படித்தான் நம்பர் போடுவோம். படம் கேட்டது. எபனேசரை நிற்க வைத்து, உடுப்பைப் படம் எடுக்கிற வழக்கப்படி தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் நேராக, சுருக்கமில்லாமல் எடுத்தேன். தலை வரவில்லை. வர வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை என்றால் நம்புவீர்களா?

அவரைக் கூட்டிப் போய்த் திரையில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "என் பேரு எங்கட்டி?" என்றார்.

"பாட்டுக்குள்ள இருக்குல்லா அத்தான்."

"ஆமா, உள்ள இருக்கு" என்று தலையாட்டினார். அவருக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு நான் இணையத்தில் பாட்டு ஒலிபரப்புகிறவர்களின் முகவரிகளைத் தேடித் தேடிக் கடிதம் எழுதினேன். டியர் சர், வீ ஆர் ப்ளீஸ்டு டு ஆஃபர் யூ அவர் நியூ சாங். கைண்ட்லி அட்வைஸ் யுவர் கமெண்ட்ஸ். பனியன் விற்கிற கடிதத்தில் பனியன் என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பாட்டு என்று வைத்ததுதான். யாரும் பதில் போடவில்லை. கடைசியில் டென்மார்க்கிலிருந்து யென்ஸ் என்று ஒருவர் எழுதினார். தன் வீட்டுச் சமையலறையிலிருந்தே ஒரு சின்ன இணைய வானொலி நடத்துகிறாராம். பாட்டு மிக அழகாக இருக்கிறது, ஒரு வார்த்தை புரியாமலேயே நாலு முறை கேட்டேன், எனக்கென்னவோ முடிவில் கொஞ்சம் நீளமாகப் பட்டது, அவ்வளவுதான் என்று எழுதியிருந்தார்.

முடிவில் கொஞ்சம் நீளம். எனக்கு அது போதும். கமெண்ட் வந்துவிட்டது. அன்று சாயங்காலமே எபனேசரிடம் சொன்னேன், "கடைசில நீளமா இருக்காம். கொறைக்கணும்."

"கடைசிச் சரணத்தையா?"

"கடைசிலதான நீளம்னு சொல்லுதாரு."

 "பையர் சொன்னா சரிதான்" என்றார். எப்போதும் போல வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு மூன்று சரணத்தோடு பாடினார். கண்ணை மூடுகிற இடம் வரவில்லை. அந்தச் சரணத்தில் அவர் பேர் இருப்பது எனக்குத் தெரியாமலில்லை. நூறு தடவை தாளம் தட்டியிருக்கிறேன். தெரிந்தேதான் வெட்டினேன். வெட்டுவது ஒரு பேர் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை, அதுதான் விஷயம். பையர் திருப்பிய சாம்பிளை வைத்திருக்கக் கூடாது என்பது ஆபீஸ் விதி. கத்தரித்துப் போட்டுவிட வேண்டும். நானும் பழைய பதிவைத் தளத்திலிருந்தும் கம்ப்யூட்டரிலிருந்தும் அழித்துவிட்டு, திருத்திய சாம்பிள் இணைத்துள்ளேன் என்று யென்ஸுக்கு எழுதினேன்.

அவர் பதறிப்போய் பதில் எழுதினார். ஐயோ, நான் மாற்றச் சொல்லவே இல்லையே, ஒரு நண்பனிடம் சொல்வது போலச் சொன்னேன், எனக்கு முந்தினதும் பிடித்திருந்ததே, அது இன்னும் உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். நான், நோட்டட் வித் தேங்க்ஸ், ஒரிஜினல் சாம்பிள் ஈஸ் நாட் அவைலபிள் என்று எழுதினேன். அவர் என்ன நினைத்திருப்பாரோ.

இரண்டு மாதம் கழித்து யென்ஸ் மறுபடி எழுதினார். பல நாட்டுப் பாட்டுக்காரர்களின் பாட்டுகளைச் சேர்த்து ஒரு சிடி போடுகிறேன், ஊசிப் பாட்டும் வேண்டும், பாடியவரின் பேரை எப்படிப் போடட்டும் என்று கேட்டிருந்தார். அந்தக் கடிதம் வந்த நேரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு ஷிப்மெண்ட் அன்றைக்குக் கிளம்ப வேண்டும், மூன்று பையர்கள் லேபிளைப் பற்றி எழுதியிருந்தார்கள், எல்லாருக்கும் ஒரே மூச்சில் பதில் தட்டிக்கொண்டிருந்தேன். யென்ஸுக்கும் அதையே தட்டினேன், எங்கள் பேரை நாங்கள் போடுவதில்லை என்று. லேபிள் ஆஸ் பெர் யுவர் ரிக்வையர்மெண்ட். வீ டோன்ட் புட் அவர் நேம். நோ அப்ஜெக்‌ஷன் ஃப்ரம் அவர் சைடு.

சிடி கூரியரில் ஆபீசுக்கு வந்தது, துணி மாதிரிகளோடு சேர்ந்து. மத்தியானச் சாப்பாட்டு நேரம். டைலர்கள் படிக்கட்டில் டிபன் பாக்ஸ் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். ஓடிப்போய் எபனேசர் கையில் கொடுத்தேன். சாப்பிட்ட கையைப் பேண்டில் துடைத்துவிட்டு வாங்கினார். அட்டையில் ஒரு தையல் மிஷின் படம் இருந்தது. பின்பக்கம் பாட்டுகளின் பட்டியல். எல்லாவற்றுக்கும் நேரே பாடினவர்களின் பேர் இருந்தது. ஒன்பதாவது பாட்டுக்கு நேரே 'பேர் சொல்ல விரும்பாத ஒரு டைலர், திருப்பூர்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. அவர் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். அவர் படித்து முடிக்கிற வரைக்கும் நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். 

"பேர் சொல்ல விரும்பாதன்னு யாரு சொன்னா?" என்றார்.

நான் எழுதியதைச் சொன்னேன். மறைக்கவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டிபன் பாக்ஸை மூடினார். "சபையார்னு போட்டாக, அது ஊரு செஞ்சது. இத நீ எழுதிக் குடுத்திருக்க மெர்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு மிஷினுக்குப் போய்விட்டார். மணி அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

யென்ஸுக்கு உடனே எழுதினேன். இந்தத் தடவை எந்த ஆபீஸ் வார்த்தையும் போடாமல், எனக்குத் தெரிந்த ஓட்டை ஆங்கிலத்தில், அவர் பேர் எபனேசர், அவர் என் கணவர், நான் தப்புச் செய்துவிட்டேன் என்று எழுதினேன். அவரும் மிகவும் வருந்தினார். பேர் வேண்டாம் என்று நீங்கள் சொன்னது எனக்கு ஒரு பெரிய பணிவாகத் தோன்றியது, அதைப் பற்றி வானொலியில்கூடப் பேசினேன் என்றார். தன் தளத்தில் பேரைத் திருத்திவிட்டார். விற்றுப்போன சிடிகளை அவரால் என்ன செய்ய முடியும்? எபனேசர் அதன்பிறகு கிடங்குப் பக்கம் வரவில்லை. கிதார் கட்டிலுக்கு அடியில் போனது. வீட்டுக்கார அம்மாவே ஒருநாள், "ஏனுங்க, இப்பெல்லாம் சத்தத்தையே காணமுங்க" என்றார். அது குறையா நிறைவா என்று கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

பாட்டு மட்டும் நிற்கவில்லை. யாரோ அதை இறக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் மொபைல் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பார்கள் அல்லவா, அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. 'திருப்பூர் டைலர் சாங்' என்ற பேரில். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில், பல்லடம் பஸ்ஸில், எங்கள் கம்பெனி செக்கிங் பெண்களின் போனில் என்று எங்கே பார்த்தாலும் ஊசி ஓடிக்கொண்டிருந்தது. ஒரிசாவிலிருந்து வந்த டைலர் ஒருவர் அர்த்தம் தெரியாமலே அதை ஹம் பண்ணிக்கொண்டு தைத்தார், பாடியவர் பக்கத்து மிஷினில் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார். முதலாளிகூடக் கேட்டுவிட்டு, "பாட்டு நம்மூருப் பாட்டு மாதிரி இல்லீங்க அம்மிணி. தெக்கத்தி ஆளு எவனோ பாடியிருக்கானுங்க" என்றார். இவர்தானுங்க அது என்று சொன்னேன். "அப்படீங்களா" என்று சிரித்தார். அவருடைய கிடங்கில்தான் பதிவானது என்பதையும் சொன்னேன். அதற்கும் "அப்படீங்களா"தான்.

அந்த வருஷ அசனத்துக்கு ஊருக்குப் போகலாம் என்று நான்தான் நச்சரித்தேன். என் மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது. எல்லாரிடமும் நானே சொல்லிவிடலாம், அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று. அவரும் கிளம்பினார். அசனத்தில் எப்போதும் போல ஆண்கள் பந்தி பரிமாறினார்கள். எபனேசர் சாம்பார் வாளி தூக்கினார். அவருக்கு முன்னால் சோறு வைத்துக்கொண்டு போனது அவருடைய சித்தப்பா மகன் தாசன், பள்ளிக்கூட வாத்தியார். தாசனின் சட்டைப் பையிலிருந்த போனில் ஊசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கார்டு கார்டாகக் கை மாறி வந்ததில் குரல் தகரத்தில் தட்டின மாதிரி ஆகி, யாருடையது என்று பிடிபடாமல் இருந்தது.

"இத கேட்டியளாண்ணே? உங்க திருப்பூர்ல எவனோ ஒரு டைலர் பாடுனதாம். பேரு தெரியல. நம்ம பயலுவ எல்லாவனும் போன்ல வச்சிருக்கானுவ" என்றார் தாசன்.

நான் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். "தாசன், அது உங்க அண்ணன் பாடுனதுதான்" என்றேன்.

"மயினிக்கு அண்ணன் பாட்ட விட்டா வேற பாட்டு கெடையாது" என்று அவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அந்தக் கமிட்டிப் பெரியவரும் இருந்தார். 

பாட்டு மூன்றாவது சரணத்தில் முடிந்தது. போன் நின்ற இடத்தில் எபனேசர் ஆரம்பித்தார். வாளியைக் கீழே வைக்கவில்லை, கரண்டியையும் விடவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டார். தேரிமண்ணு எபனேசரு தச்ச பாட்டு இதுவாகும். முழுக்கப் பாடினார். கிடங்கில் பாடியதைவிட நன்றாகவே இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். நான் தாளம் தட்ட மறந்து உட்கார்ந்திருந்தேன். இதோ, இப்போது புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன்.

தாசன்தான் முதலில் பேசினார். அவர் நல்ல மனுஷர், கேலிக்காகச் சொல்லவில்லை. அண்ணனின் காதருகே போய்த் தாழ்வாகத்தான் சொன்னார். "நல்லாத்தான் சேத்திருக்கியண்ணே. ஆனா அடுத்தவன் பாட்டுல நம்ம பேரப் போடுதது சரியில்லண்ணே."

எபனேசர் அவரைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு அடுத்த இலைக்குக் குனிந்து, "சாம்பார் ஊத்தட்டுமா?" என்று கேட்டார். பந்தி முடிகிற வரைக்கும் ஒரு இலை விடாமல் ஊற்றினார். நான் அழுதேன். யாரும் பார்க்கவில்லை, மிளகாய் காரம் என்று நினைத்திருப்பார்கள்.

திருப்பூர் திரும்பிய வாரத்தில் ஒரு வேலை செய்தேன். எங்கள் கம்பெனிக்குக் காலர் லேபிள் நெய்து கொடுக்கிற ஒருவர் இருக்கிறார். அவருக்குப் போன் போட்டு, சொந்த வேலைக்கு நாலு பீஸ் நெய்து தர முடியுமா என்று கேட்டேன். "அதுக்கென்னங்க, நெய்து போடலாங்க. என்ன பேருங்க?" என்றார். எபனேசர் என்றேன். எழுத்துக் கூட்டிக் குறித்துக்கொண்டார். "கீழ ஊருப் பேரு வருமுங்களே, எங்க தயாரானதுன்னு. எந்த ஊருங்க போடோணும்?" என்று கேட்டார். எல்லா லேபிளிலும் அந்த வரி உண்டு, ஆயிரம் தடவை நானே அப்ரூவல் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

சாயங்காலம் எபனேசரிடம் கேட்டேன். வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்து யோசித்தார். "தேரிக்காடுன்னு போட்டா ஊர்ல உள்ளவுக நம்ப மாட்டாக. திருப்பூர்னு போட்டா நான் நம்ப மாட்டேன்" என்றார். பிறகு, "வெறுமன விட்டுரச் சொல்லு" என்றார்.

லேபிள் வந்தது. கறுப்பில் வெள்ளை நூலால் எபனேசர் என்று நெய்திருந்தது. கீழே ஊர் வர வேண்டிய இடத்தில் எழுத்தில்லாமல் கறுப்பு மட்டும். அவருடைய பழைய டி-சர்ட் ஒன்றை எடுத்து, வெட்டின மிச்சம் நீட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே வைத்துக் கையால் தைத்தேன். காலையில் அதைப் போட்டுக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். இரண்டு ஸ்டாப் போவதற்குள் பிடரிக்குக் கையைக் கொண்டுபோனார்.

"குத்துதா?" என்றேன்.

"குத்துது."

புது லேபிளின் ஓரம் அப்படித்தான் இருக்கும், விறைப்பாக. என் பையில் நூல் வெட்டுகிற டிரிம்மர் எப்போதும் இருக்கும். அதை எடுத்தேன். "ஓரத்த லேசா வெட்டிரட்டுமா அத்தான்?"

அவர் திரும்பவில்லை. பிடரியில் வைத்த கையை அப்படியே வைத்துக்கொண்டு, "வெட்டாத" என்றார்.